மூன்று நிமிட வினை

எனக்குச் சமைக்க வராது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் மைக்ரோவேவ் அடுப்பு வாங்கினேன். கடைக்காரர் கூடவே ஒரு சமையல் புத்தகத்தையும் கொடுத்து, "இதுல கேக்கு நல்லா வரும்மா" என்றார். அந்த அடுப்பில் நான் ஒரு டம்ளர் பால்கூடக் காய்ச்சியதில்லை. நேரே கல்லூரிக்கு எடுத்துப்போய் ஆய்வகத்தில் ஜன்னலோர மேடையில் வைத்தேன்.

என் பெயர் கண்ணம்மை. வயது ஐம்பத்தாறு. சொந்த ஊர் திருமயம் பக்கம். கீரனூர் சாலையில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர். நீங்கள் கேட்க நான் சொல்ல, அதை உங்கள் ஸ்டேஷன் ஏட்டு எழுத என்று இழுத்துக்கொண்டிருப்பதைவிட நானே எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் சரியென்று தாள் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. வேதியியல் வார்த்தைகளை அவர் தப்பும் தவறுமாக எழுதியிருப்பார்.

முதலில் வேலை என்னவென்று சொல்கிறேன். இரண்டு கரிமச் சேர்மங்களைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டுமானால், பழைய முறையில் குடுவையில் கரைப்பான் ஊற்றி எட்டு மணி, பத்து மணி நேரம் கொதிக்க விட வேண்டும். பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். மைக்ரோவேவில் அப்படியில்லை. சூடு வெளியிலிருந்து உள்ளே போவதற்காகக் காத்திருக்க வேண்டாம். உள்ளே இருக்கிற மூலக்கூறுகளே ஆடி ஆடிச் சூடாகும். எட்டு மணி நேர வேலை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கேளா ஒலியும் இதே மாதிரிதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைப் போட்டுச் சுத்தம் செய்கிற சின்னத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் குடுவையை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் திரவத்துக்குள் உண்டாகி உடைந்துகொண்டே இருக்கும். அந்த உடைப்பில் வினை வேகமெடுக்கும். எங்களைப் போன்ற சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கு இது பெரிய வரம். பெரிய கருவி வேண்டாம். பொறுமையும் ஒரு வீட்டு அடுப்பும் போதும்.

2013-இல் நான் ஒரு கட்டுரை வெளியிட்டேன். இருபது புதிய சேர்மங்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்தில், எல்லாமே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் விளைச்சல். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. கல்லூரி ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். மாணவர்கள் எனக்கு 'மைக்ரோவேவ் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். பேருந்தில் நடத்துனர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த இருபதில் பதினொன்றை என் கையால் செய்தேன். மீதி ஒன்பதைச் செய்யவில்லை. அவை ஒரே குடும்பத்துச் சேர்மங்கள். முதல் பதினொன்று வந்தபோது அடுத்த ஒன்பதும் அப்படியேதான் வரும் என்பது யாருக்கும் தெரியும். அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. பொய் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டியே எழுதினேன்.

பிரகதீஸ்வரி 2021-இல் என்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். வல்லத்திராக்கோட்டைப் பெண். அப்பா நல்லதம்பிக்கு அங்கே கொஞ்சம் நிலம், அம்மா காத்தாயி நூறு நாள் வேலைக்குப் போவார். அந்தக் குடும்பத்தில் முதுகலை வரை வந்தவள் இவள் ஒருத்திதான். மெலிந்த உடம்பு, வேகமான கை. எதைச் செய்தாலும் உடனே நோட்டில் இங்கிலீஷில் எழுதிவிடுவாள். எத்தனை சொட்டு ஊற்றினாள், எந்த நிறம் வந்தது, மின்சாரம் எப்போது போனது, எல்லாம் இருக்கும். அப்படி ஒரு மாணவியை முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. அவளை என் மகள் மாதிரி நடத்தினேன். என் மகள் ஐஸ்வர்யா பெங்களூரில் இருக்கிறாள், அதிகம் பேசமாட்டாள். பிரகதீஸ்வரி தினமும் பேசினாள்.

அவளுக்கு நான் கொடுத்த தலைப்பு, மைக்ரோவேவையும் கேளா ஒலியையும் ஒன்றாகப் பயன்படுத்தி அதே குடும்பத்துச் சேர்மங்களை இன்னும் வேகமாகச் செய்வது. அதற்கு முதல் படியாக என் பழைய இருபதையும் ஒருமுறை செய்து பார்க்கிறேன் என்று அவளாகவே ஆரம்பித்தாள். நான் தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

பதினொன்றும் ஒழுங்காக வந்தன. பன்னிரண்டாவதில் நின்றாள்.

"வரல மேடம். நாலு தடவ பண்ணிட்டேன்."

"அடுப்பு பழசாயிருச்சும்மா. வாட் கொறஞ்சிருக்கும்."

"அதான் நானும் நெனச்சேன். ஆனா பதினொண்ணாவது இன்னைக்கும் வருதே மேடம்."

ஒன்றரை வருடம் அவள் அந்த ஒன்பதையே சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு கேளா ஒலித் தொட்டியில் வைத்துப் பார்த்தாள். அதில் ஒரு பொருள் வந்தது, ஆனால் நான் எழுதிய பொருள் அல்ல. வெளியூருக்கு அனுப்பிப் பகுப்பாய்வு செய்து வாங்கினாள். ஒன்பதிலுமே வினை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது என்று காட்டினாள். எதனால் திரும்புகிறது என்பதற்கு அழகான ஒரு விளக்கமும் எழுதியிருந்தாள். படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் அதை யோசிக்கவில்லையே என்றும் தோன்றியது.

"மேடம், இது நல்ல பேப்பராவே வரும். ஒங்க பழைய டேபிளுக்கு ஒரு திருத்தமும் சேத்து அனுப்பிருவோமா? தப்பு எல்லாருக்கும் வாரதுதானே. அடுப்பு டெம்பரேச்சர் அப்ப சரியாத் தெரியலன்னு எழுதிக்கலாம்."

எனக்காகச் சாக்குகூட யோசித்து வைத்திருந்தாள். அவள் சந்தேகப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் செய்து தப்பாகிவிட்டது என்றுதான் நினைத்தாள், செய்யவே இல்லை என்று நினைக்கவில்லை. ஆனால் திருத்தம் போனால் பத்திரிகைக்காரர்கள் மூல அளவீடுகளைக் கேட்பார்கள். ஒன்பதுக்கும் என்னிடம் அளவீடு கிடையாது.

பார்க்கலாம்மா என்றேன். மூன்று மாதம் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கோபப்படவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒருமுறை கேட்பாள், அவ்வளவுதான்.

போன வருடம் மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை, அவளைக் கூப்பிட்டேன்.

"பதினாலாவத ஒரு தடவ மூடுன குழாயில பண்ணிப் பாரும்மா. மூடி போட்டு இறுக்கி. அழுத்தம் ஏறுனா வினை சரியான பக்கம் திரும்பும்னு தோணுது."

அவள் யோசித்தாள். "வீட்டு அடுப்புல மூடுன குழாய் வைக்கலாமா மேடம்? ஒங்க பேப்பர்ல தெறந்ததுதானே."

"மூணு நிமிஷந்தானே. நான் சொல்றேன்ல."

"சரிங்க மேடம்," என்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிப்பதாகச் சொன்னாள். கார்த்திகா என்று இன்னொரு மாணவி அதே அறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளை நூலகத்துக்கு அனுப்பி, ஒரு பழைய சஞ்சிகையைத் தேடி எடுத்துவரச் சொன்னேன். அந்தச் சஞ்சிகை எங்கள் நூலகத்தில் கிடையாது. நான் துறை ஆசிரியர்கள் அறைக்குப் போய் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். இரண்டு நாற்பதுக்குச் சத்தம் கேட்டது. ஆறாவது தாளில் இருந்தேன்.

பின்னால் கல்லூரி விசாரணையில் கேட்டார்கள், வீட்டு அடுப்பில் மூடிய குழாய் வெடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று. புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்றேன். அது முழு உண்மை இல்லை. 2013-லேயே ஒருமுறை நான் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். போன் வந்து பக்கத்து அறைக்குப் போயிருந்த நேரத்தில் குழாய் வெடித்தது. அடுப்புக் கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. ஒரு கண்ணாடித் துண்டு எதிர்ச் சுவரின் காரையில் இறங்கி நின்றது. நானே பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவரில் ஒரு காலண்டரை மாட்டினேன். அன்றைக்குத்தான் கதவின் கொக்கி தளர்ந்தது. அதிலிருந்து, அடுப்பு ஓட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் முன்னால் நின்று கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை எடுத்தால் நின்றுவிடும். பிரகதீஸ்வரி ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, குனிந்து, கண்ணாடி வழியாக நிறம் மாறுகிறதா என்று பார்ப்பாள். மூன்று வருடமாக அப்படித்தான் பார்த்தாள்.

கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு இருந்தன. இரண்டும் அந்த வாரம் என் பீரோவில் இருந்தன. இருப்புச் சரிபார்ப்புக்காக எடுத்து வைத்திருந்தேன். அதை வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்க வேண்டாம்.

நான் நினைத்தது இவ்வளவுதான். குழாய் வெடிக்கும், அடுப்பு போய்விடும். புது அடுப்பு வாங்க அனுமதி கிடைக்க ஆறு மாதமாகும். அதற்குள் அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகாது. கார்த்திகாவை எதற்காக நூலகத்துக்கு அனுப்பினேன் என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். இரண்டு பேருக்கு அடிபடக் கூடாது என்றுதான்.

நான் போனபோது அறை முழுக்கப் புகை. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தாள். அழவில்லை. "மேடம் வந்துட்டாங்களா?" என்று யாரிடமோ கேட்டாள். வந்துவிட்டேன் என்றேன். "குழாய் போயிருச்சு மேடம்," என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. எல்லாரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அறையில் நான் மட்டும் இருந்தேன். மேடையில் அவள் நோட்டு நனைந்து கிடந்தது. எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

திருச்சியில் இரண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு கண்ணுமே போய்விட்டது.

விசாரணையில், நான் திறந்த குடுவையில்தான் செய்யச் சொன்னேன் என்றேன். என் கட்டுரையும் அதைத்தான் சொல்கிறது. நோட்டு அமிலத்தில் கரைந்துவிட்டது என்றேன். மாணவியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

அதோடு நான் ஒதுங்கியிருந்தால் எனக்கு ஒன்றும் வந்திருக்காது. இதை நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். நான் ஒதுங்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வல்லத்திராக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போனேன். பழம் வாங்கிப் போனேன். அவள் கட்டிலில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது மாதம் ஒரு நாள் கேட்டாள்.

"என் நோட்டு கெடச்சுச்சா மேடம்? அது இருந்தா நீங்க வாசிக்க வாசிக்க நான் தீசிஸ சொல்லிருவேன். கார்த்திகா டைப் பண்ணித் தாரேன்னு சொல்லிருக்கா. எல்லாம் தலைக்குள்ள இருக்கு, நம்பர் மட்டுந்தான் வேணும்."

அப்படிக் கேட்டபோது என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கிடைத்துவிட்டது, காயவைத்திருக்கிறேன் என்றேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் வாசித்தேன். ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன், அந்த ஒன்பது சேர்மங்களின் பக்கங்கள் வரும்வரை. அங்கே அவள் 'வரவில்லை' என்று எழுதியிருந்த இடத்தில் 'வந்தது' என்று வாசித்தேன்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "வந்துச்சா? எனக்கு அப்படி ஞாபகம் இல்லியே மேடம்."

"ஒன் கையெழுத்துதாம்மா. தொண்ணூத்தி ரெண்டு சதவீதம்னு எழுதியிருக்க."

"எதோ திருத்தம் அனுப்பணும்னு பேசினோமே."

"அதெல்லாம் நாம பேசவே இல்லியேம்மா. அவ்வளவு பெரிய அடி பட்டிருக்கு. ஞாபகம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். போகப் போகச் சரியாயிரும்."

அந்தச் சத்தம் கேட்ட நாளின் பக்கத்தையும் ஒருநாள் வாசிக்கச் சொன்னாள். 'மேடம் சொன்னபடி திறந்த குழாய். நானாக மூடி போட்டுப் பார்க்கிறேன்' என்று வாசித்தேன். அதைக் கேட்டதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது காத்தாயி வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க மேடம்," என்று உள்ளே கூட்டிப்போய், "இங்கிட்டு ஒக்காருங்க," என்று ஃபேனுக்கு நேராக நாற்காலியைப் போட்டார். பிறகு என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "புள்ள ஒங்க பேச்சக் கேக்காமப் பண்ணிருச்சு. அதனால ஒங்களுக்கும் காலேசுல கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க மேடம். வாரம் தவறாம வாரீங்க, ஒங்களுக்கு நாங்க என்ன செய்யப் போறோம்."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்.

பிரகதீஸ்வரிக்கு மூளையில் ஏதோ ஆகிவிட்டதென்று நல்லதம்பி அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார். ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சாப்பிட்டேனா இல்லையா என்று அம்மாவிடம் இரண்டு தரம் கேட்பாளாம். தலைவாசல் எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தும் கேட்டுக்கொண்டுதான் நடப்பாளாம். கண் போனபோதுகூட அவள் அப்படி ஒடுங்கவில்லை என்று காத்தாயி சொன்னார். நான் அவளுக்கு வல்லாரை மாத்திரை வாங்கிப் போய்க் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் ஆய்வேடு முக்கால்வாசி முடிந்தது. என் இருபது சேர்மங்களும் அதில் இருந்தன. நல்ல ஆய்வேடு. அவளுக்குப் பட்டம் கிடைத்திருக்கும். ஒரு கல்லூரியில் வேலையும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

மூன்று வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, வாசித்து முடித்ததும், "நோட்ட ஒரு நிமிஷம் குடுங்க மேடம், தொட்டுப் பாக்குறேன்," என்றாள். கொடுத்தேன். எப்படிக் கொடுக்காமல் இருப்பது. தாளை விரலால் தடவிக்கொண்டே போனாள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதுவாள், எழுத்து பின்பக்கம் எழும்பி நிற்கும். தேதிப் பக்கங்களை எண்ணிக்கொண்டே போய், எழுதிய கடைசிப் பக்கத்தில் நின்றாள். அதே இடத்தில் விரலை மறுபடி மறுபடி ஓட்டினாள்.

"இங்க ரெண்டு கோடு போட்டிருக்கேன் மேடம்."

"ஆமாம்மா."

"நீங்க சொன்னத எழுதும்போது மட்டுந்தான் அடியில ரெண்டு கோடு போடுவேன். நானா பண்ணுனதுக்குப் போடமாட்டேன். இதுல எந்த வார்த்தைக்கு அடியில இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள், "அப்பா" என்று கூப்பிட்டாள்.

நல்லதம்பி வயலிலிருந்து அப்போதுதான் வந்து தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எழுத்துத் தெரியும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து நோட்டை வாங்கினார்.

"ரெண்டு கோட்டுக்கு மேல என்ன இருக்குப்பா? ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க."

"ஏ, எஸ். அப்பறம் பி, இ, ஆர். அடுத்தது..." அவர் வெளிச்சத்துக்காக நோட்டைச் சாய்த்தார். "எம், ஏ, டி, ஏ, எம். இது மேடம்னு இருக்கு ஆத்தா."

"அதுக்கு அடுத்து?"

"சி. எல். ஓ. எஸ். இ. டி."

அவருக்கு அது என்ன வார்த்தை என்று தெரியவில்லை. மூடியது என்று அர்த்தம். மேடம் சொன்னபடி மூடிய குழாய் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். அவள் அதற்கு முந்தின சில பக்கங்களைப் புரட்டச் சொன்னாள். பன்னிரண்டாவது, பதினான்காவது, பதினேழாவது. ஒவ்வொன்றிலும் விளைச்சல் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். "முட்டை போட்டிருக்கு," "இங்கயும் முட்டைதான்," என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா," என்று அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. என் ஞாபகமெல்லாம் சரியாத்தான் இருக்கு."

காத்தாயிக்குப் புரியவில்லை. சந்தோஷமான செய்தி என்று மட்டும் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் மேடம்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் வாரேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நோட்டைக் கேட்டேன். நல்லதம்பி கொடுக்கவில்லை. நோட்டை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே கார்த்திகாவின் குரல் கேட்டது. பதினான்காவது சேர்மத்தின் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்கடுத்த புதன்கிழமை நல்லதம்பி உங்களிடம் புகார் கொடுத்தார். நானாக வந்து ஒப்புக்கொண்டேன் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் வந்தபோது நான் கிளம்பத்தான் இருந்தேன்.

ஆகவே என் வாக்குமூலம் இது. குழாய் வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கதவுக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருப்பாள் என்றும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பிறகு அவள் நோட்டை மறைத்தேன். அவள் நினைவு கெட்டுவிட்டது என்று அவளையே நம்ப வைத்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. யாரும் என்னை வற்புறுத்தி இதை எழுத வைக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அவள் ஆய்வேடு இன்னும் முடியவில்லை, கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கிறது. கார்த்திகா நல்ல பெண்தான், ஆனால் அன்று கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது சேர்மங்களின் பெயர்களை இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தாள். ஆகவே ஜாமீனில் விடுவதாக இருந்தால் சனிக்கிழமைகளில் மட்டும் நான் வல்லத்திராக்கோட்டை போய்வர அனுமதி வாங்கித் தாருங்கள். என்னைப் போல அவளுக்கு வாசித்துக்காட்ட வேறு ஆள் கிடையாது.